விளையாட்டு முன்னே, கட்டளை பின்னே

பிள்ளையின் அடத்தைப் பொறுக்க மாட்டாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பெற்றோர், அவர் பிள்ளையை வெளியே விளையாட அனுப்பிவிட்டுத் தங்களை உட்காரச் சொல்லும்போது சற்றே திகைத்துப் போகிறார்கள். குறை பிள்ளையிடம் இருக்க, பாடம் நமக்கு எதற்கு என்ற எண்ணம் எழுவது இயல்பே. சிலர் அதைத் தங்கள்மேல் சுமத்தப்பட்ட குற்றமாகவே கொண்டு, மறுமுறை அந்தப் பக்கம் தலைகாட்டாமல் இருந்துவிடுவதும் உண்டு. இந்த மனக்கசப்பை முதலில் நீக்கிவிட வேண்டும். பெற்றோருக்குப் பயிற்சி தருவது அவர்கள் தவறு செய்தவர்கள் என்பதனால் அன்று. குழந்தை கண் விழிப்பது முதல் கண் மூடுவது வரையில் அதனுடன் இருப்பவர்கள் அவர்களே என்பதனால்தான். வாரத்துக்கு ஒரு மணி நேரம் பார்க்கும் நிபுணர் எத்துணை வல்லவராயினும், எஞ்சிய நேரமெல்லாம் வீட்டில் நடப்பதை அவரால் மாற்ற இயலாது, வீட்டிலிருப்பவர்களால் இயலும்.

எல்லாச் சேட்டைக்கும் இவ்வளவு பெரிய ஏற்பாடு அவசியமில்லை. இரண்டு வயதுக் குழந்தை கேட்டது கிடைக்காமல் தரையில் புரள்வதும், நான்கு வயதுக் குழந்தை தம்பியின் கையிலிருப்பதைப் பிடுங்குவதும், பத்து வயதுப் பையன் எதிர்த்துப் பேசிப் பார்ப்பதும் வளர்ச்சியின் படிகளே. ஆனால், சொன்னதற்கெல்லாம் மறுப்பு, சிறு தடைக்கும் பெருங்கோபம், அடி, உதை, பொருள்களை உடைத்தல், தான் செய்ததற்குப் பிறரைப் பழித்தல் என்பவை ஆறு மாத காலத்துக்கு மேலும் ஓயாமல் நீடித்து, வீட்டின் நிம்மதியையும் பள்ளியில் பிள்ளையின் பெயரையும் ஒருங்கே குலைக்குமானால், இனியும் வயதாக ஆகச் சரியாகிவிடும் என்று காத்திருப்பது தகாது. அந்நிலையில் முதற்காரியமாகக் குழந்தையின் செவிப்புலனையும், உறக்கத்தையும், பேச்சு வளர்ச்சியையும், எழுத்துக்கூட்டிப் படிப்பதில் தனிப்பட்ட இடர்ப்பாடு ஏதேனும் உண்டா என்பதையும் சோதித்தறிய வேண்டும். காது மந்தமான பிள்ளையைச் சொல்பேச்சுக் கேளாத பிள்ளை என்று தண்டித்து வந்த வீடுகள் உண்டு. அவையெல்லாம் செம்மையாயிருந்தும் முரட்டுத்தனம் நீங்கவில்லையெனில், இந்த அத்தியாயம் அத்தகைய பிள்ளையின் பெற்றோருக்காகவே எழுதப்படுகிறது.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள ஆரிகன் மாநிலத்தில், யூஜீன் என்னும் நகரில், ஜெரால்டு பாட்டர்சன் என்ற உளவியலறிஞர் 1960-களில் ஒரு புதுமையான காரியத்தில் இறங்கினார். முரட்டுப் பிள்ளைகளைத் தம் அறைக்கு வரவழைத்து அவர்களுடைய மனத்தின் ஆழத்தைத் துழாவிக்கொண்டிராமல், பயிற்சி பெற்ற உதவியாளர்களை அவர்களுடைய வீடுகளுக்கே அனுப்பி வைத்தார். தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் குடும்பத்தார் எல்லோரும் ஓரிரு அறைகளுக்குள்ளேயே இருக்கும்படி கேட்டுக்கொண்டு, உதவியாளர் ஒரு மூலையில் அமர்ந்து, யார் என்ன சொன்னார், அதற்கு அடுத்தவர் என்ன செய்தார், அதன்பின் என்ன நிகழ்ந்தது என்பதையெல்லாம் சில விநாடிகளுக்கு ஒரு தரம் குறியீடுகளால் பதிந்துகொண்டே போவார். பல ஆண்டுகள் இவ்வாறு திரட்டியவற்றிலிருந்து பாட்டர்சன் கண்டறிந்து, 1982-இல் ஒரு பெருநூலாக வெளியிட்ட உண்மை, பெற்றோர் ஒவ்வொருவரும் நிதானமாக எண்ணிப் பார்க்கத் தக்கது.

அதை நம் வீட்டுக் காட்சி ஒன்றிலேயே வைத்துப் பார்க்கலாம். ஆறு வயதுப் பையன் ஒருவன் கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருக்கிறான். அடுப்படியில் இருந்தபடியே தாய், "குளிக்க வாடா, நேரமாச்சு" என்கிறாள். பதிலில்லை. இரண்டாம் முறை அவள் குரல் உயர்கிறது. "அப்புறம்" என்று முனகுகிறான். மூன்றாம் முறை அருகில் வந்து கைப்பேசியைப் பற்றுகிறாள். "மாட்டேன் போ" என்று வீறிட்டுக் காலை உதைத்துக்கொண்டு அவள் கையைக் கீறுகிறான். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்ற கூச்சமும், அடுப்பில் பொங்கும் பாலும், வேலைக்குக் கிளம்ப வேண்டிய அவசரமும் ஒன்றுசேர, "என்னமோ பண்ணித் தொலை" என்று சொல்லிவிட்டு அவள் திரும்புகிறாள். அந்தக் கணமே கூச்சல் நின்றுவிடுகிறது.

பாட்டர்சன் விரல் வைத்துக் காட்டியது அந்தக் கணத்தைத்தான். தாய் பின்வாங்கியதால் பையனுக்கு ஒரு தொல்லை நீங்கியது. பையன் கத்துவதை நிறுத்தியதால் தாய்க்கும் ஒரு தொல்லை நீங்கியது. இருவருமே தாம் செய்த காரியத்துக்கு உடனடியாக ஒரு நிவாரணம் பெற்றார்கள்; ஆதலால் இருவருமே அதைக் கற்றுக்கொண்டார்கள். கத்தினால் கட்டளை விலகும் என்று மகனும், கட்டளையைக் கைவிட்டால் அமைதி கிட்டும் என்று தாயும், ஒருவருக்கொருவர் அறியாமலே ஆசிரியராகி விடுகிறார்கள். மறுநாள் பொறுமையிழந்து அவள் முதுகில் ஒன்று வைக்க, அவன் அழுதுகொண்டே குளிக்கப் போவானாயின், அடித்தால்தான் நடக்கும் என்ற மூன்றாவது பாடமும் அவள் மனத்தில் ஏறிவிடும். இங்கே கெட்ட குழந்தையும் இல்லை, கெட்ட தாயும் இல்லை. நாள்தோறும் பலமுறை நிகழ்ந்து நிகழ்ந்து இறுகிப் போன ஒரு பழக்கமே இருக்கிறது. வீட்டில் இவ்வாறு கற்ற வித்தையைப் பையன் பள்ளிக்கும் எடுத்துச் செல்கிறான். அங்கே ஆசிரியர் வெறுக்கிறார், தோழர் விலகுகின்றனர், படிப்பு பின்தங்குகிறது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் தன்னைப் போலவே விலக்கப்பட்ட பிள்ளைகளோடு போய்ச் சேருகிறான். குழந்தை சிறியதாயிருக்கும்போதே இதில் தலையிட வேண்டும் என்று நிபுணர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

இந்தப் பழக்கத்தை அவிழ்க்கும் உபாயத்தை வகுத்துத் தந்தவர் அதே ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரத்து மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய கான்ஸ்டன்ஸ் ஹான்ஃப் என்ற அம்மையார். உடற்குறையும் வளர்ச்சிக் குறையும் உள்ள குழந்தைகளின் தாய்மார்களோடு பழகிய அனுபவத்தில் விளைந்தது அவருடைய முறை. அவர் மிகுதியாக எழுதி வெளியிட்டவரல்லர். ஆயினும், ஷீலா ஐபர்க் அமைத்த பெற்றோர்–குழந்தை ஊடாட்டச் சிகிச்சை, சியாட்டில் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையில் கரோலின் வெப்ஸ்டர்–ஸ்ட்ராட்டன் உருவாக்கிய 'இன்க்ரெடிபிள் இயர்ஸ்', ரஸ்ஸல் பார்க்லியின் பயிற்சிநூல் முதலிய பிரசித்தமான திட்டங்கள் பலவும் அவர் இட்ட அடித்தளத்தின்மேல் எழுந்தவையே. அந்த அடித்தளம் ஒரு வரிசை முறை. முதற்கட்டத்தில் குழந்தை முன்னே செல்லப் பெற்றோர் பின்தொடர்ந்து விளையாட வேண்டும். அது கைவந்த பின்னரே, இரண்டாம் கட்டத்தில், பெற்றோர் கட்டளையிடவும் கீழ்ப்படியாமைக்கு விளைவு காட்டவும் கற்க வேண்டும். சிகிச்சைக்கு வரும் பெற்றோர் பெரும்பாலோர் நேரே இரண்டாம் கட்டத்தையே கேட்கிறார்கள். அடங்கச் செய்வதற்கு வழி சொல்லுங்கள், விளையாடவா இவ்வளவு தூரம் வந்தோம் என்பது அவர்கள் மனநிலை. இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே ஒன்றுதான்: அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதற்கட்டம்

நாளொன்றுக்கு ஐந்து நிமிஷம் போதும். ஆனால் ஒரு நாளும் தவறக் கூடாது. பிள்ளை அன்று எவ்வளவு வம்பு செய்திருந்தாலும் தண்டனையாக அதை நிறுத்தவும் கூடாது. சொப்புச் சாமான், மரக்கட்டைகள், களிமண், வண்ணக் குச்சிகள் ஆகியவை இதற்கு ஏற்றவை. தாயம், பாம்பும் ஏணியும் போன்று வெற்றி தோல்வியும் விதிகளும் உள்ள ஆட்டங்களையும், பந்தெறிதல், கத்திச் சண்டை போன்ற உக்கிரமான ஆட்டங்களையும் இந்த ஐந்து நிமிஷத்துக்குள் சேர்க்க வேண்டாம். கைப்பேசி இருவர் கையிலும் இருக்கலாகாது.

இனி, விளையாடும் விதம். ஐபர்க்கின் சிகிச்சையில் தாயும் குழந்தையும் ஓர் அறையில் விளையாடுவார்கள். ஒரு பக்கம் மட்டுமே ஊடுருவிப் பார்க்கக் கூடிய கண்ணாடிக்கு அப்பால் பயிற்சியாளர் அமர்ந்து, தாயின் காதில் பொருத்திய சிறு கருவி வழியே மெல்லிய குரலில் சொல்லிக்கொடுப்பார். குழந்தை சிவப்புக் கட்டையை நீலக் கட்டைமேல் வைக்கிறது. "என்ன நிறம் இது?" என்று கேட்கத் தாயின் நாக்கு துடிக்கும். கேட்காமல், "சிவப்பை எடுத்து நீலத்து மேலே வைக்கிறே" என்று நடப்பதைச் சொல்ல வேண்டும். "இது கோபுரம்" என்று குழந்தை சொன்னால், "ஆமாம், பெரிய கோபுரமா கட்டறே" என்று அதன் சொல்லையே ஏந்தித் திருப்பித் தர வேண்டும். அது செய்வதைத் தானும் பக்கத்தில் செய்ய வேண்டும். கட்டை சரிந்தும் அழாமல் மறுபடி அடுக்கினால், "விழுந்தாலும் கோவிச்சுக்காம திரும்ப அடுக்கினியே, அது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு கண்ணா" என்று எதைப் பாராட்டுகிறோம் என்பது விளங்கப் பாராட்ட வேண்டும். ஐந்து நிமிஷத்துக்குள் இத்தகைய பாராட்டு பத்து, திருப்பிச் சொல்லுதல் பத்து, நடப்பதை விவரித்தல் பத்து. கேள்வி, கட்டளை, குறை கூறுதல் மூன்றும் சேர்ந்து மூன்றுக்கு மேற்படாமல் இருத்தல். இந்த அளவு கைகூடிய பிறகே இரண்டாம் கட்டத்துக்கு அனுமதிப்பார்கள்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த அப்பியாசம் நம்மவர்க்குப் பெரும் பரீட்சை. குழந்தையோடு உட்கார்ந்தால் ஏதேனும் கற்பித்தாக வேண்டும் என்ற ஆசை நமக்கு ரத்தத்தில் ஊறியது. எத்தனை கட்டை, இங்கிலீஷில் என்ன பெயர், ஏன் இப்படிக் கோணலாக வைத்தாய் என்று விளையாட்டைப் பள்ளிக்கூடமாக்கி விடுகிறோம். ஒவ்வொரு கேள்வியும் பதில் சொல் என்ற கட்டளையே ஆகும். நாள் முழுதும் கட்டளைகளோடு மல்லாடும் குழந்தைக்கு இந்த ஐந்து நிமிஷமாவது ஓய்வு வேண்டும். பாராட்டினால் தலைக்கனம் ஏறிவிடும், கண் பட்டுவிடும் என்ற அச்சமும் நம் இல்லங்களில் வலுவாக உண்டு. "சமத்து", "நல்ல பிள்ளை" என்ற பொதுவான புகழ்ச்சியைக் குறித்து அந்த அச்சம் ஒருகால் நியாயமாக இருக்கலாம். செய்த ஒரு காரியத்தைப் பெயர் சொல்லிப் பாராட்டுவதால் கர்வம் வளராது, அந்தக் காரியமே வளரும். வேண்டாத நடத்தையை எல்லோர்முன்பும் விவரித்துச் சொல்லும் நாம், வேண்டிய நடத்தையைக் கண்டும் வாய் திறவாமல் கடந்து போவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

இதனோடு சேர்ந்தது, அற்பமான தொல்லைகளைப் பாராமல் விடுதல். சிணுங்கல், முனகல், முகத்தைச் சுளித்தல், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டல் ஆகியவை நம் பார்வையையும் பேச்சையும் தின்று வளர்பவை. அவற்றின்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவை நின்ற அந்தக் கணமே மீண்டும் அன்போடு பேச வேண்டும். அடிப்பதையும், கடிப்பதையும், தெருவுக்கு ஓடுவதையும், நெருப்பருகே போவதையும் இவ்வாறு விட்டுவிடலாகாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. இங்கே முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய ஓர் ஆபத்து உண்டு. வழக்கமாகப் பலித்த சிணுங்கல் பலிக்காது போனால் குழந்தை உடனே ஓய்ந்துவிடுவதில்லை. முதற் சில நாட்கள் முன்னைக் காட்டிலும் உரக்கக் கத்திப் பார்க்கும். அந்த உச்சத்தில் இரங்கிக் கொடுத்துவிட்டால், இன்றைய சந்தையில் விலை இதுதான் என்று நாமே நிர்ணயித்தவர்களாவோம்; நாளைக்கு அதற்குக் குறைந்து அது பேரத்தைத் தொடங்காது. ஆதலால் கடைசி வரை தாங்க முடியுமென்று தோன்றாத நாளில் இதைத் தொடங்காமலிருப்பதே மேல். வீட்டிலுள்ள தாத்தா பாட்டியையும் முதல்நாளே உடன் உட்கார வைத்துக்கொண்டு விஷயத்தை விளக்கிவிட வேண்டும். தாய் பாராமல் திரும்பியிருக்கும்போது, "குழந்தையை ஏம்மா அழ விடறே" என்று பாட்டி பிஸ்கத்தை நீட்டினால், அதற்கு அவரைக் கடிவதும் நியாயமன்று, ஏனெனில் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் கட்டம்

கட்டளை குறைவாக இருக்க வேண்டும். இட்ட கட்டளை நிறைவேற வேண்டும். அடுப்படியிலிருந்து கூவாமல் அருகில் சென்று, குழந்தையின் கண்மட்டத்துக்குக் குனிந்து, ஒரு காரியத்தை மட்டும், செய்யத்தக்க வடிவில், அமைந்த குரலில் சொல்ல வேண்டும். "ஒழுங்கா இரு" என்பதில் என்ன செய்வதென்று குழந்தைக்கு விளங்காது. "பொம்மையைக் கூடையில போடு" என்றால் விளங்கும். "போடறியா?" என்று கேட்டால், மாட்டேன் என்று சொல்லும் உரிமையையும் கூடவே கொடுத்தவர்களாகிறோம். சொன்னபின் ஐந்து விநாடி வாய் மூடிக் காத்திருப்பது மிக அவசியம். நம்மில் பலர் அந்த ஐந்து விநாடிக்குள் அதே கட்டளையை மும்முறை சொல்லி, நான்காவதாக ஒரு பிரசங்கமும் தொடங்கிவிடுகிறோம். கீழ்ப்படிந்தால் உடனே பாராட்டு. கீழ்ப்படியாவிடில் ஒரே ஒரு எச்சரிக்கை. அதற்கும் இணங்காவிடில் டைம் அவுட்.

டைம் அவுட் என்பதைப் பற்றி நம்மிடையே நிலவும் தப்பெண்ணங்கள் பல. இருட்டறையில் அடைத்தல், முட்டிபோட வைத்தல், வாசலுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துதல் ஆகியவை டைம் அவுட் ஆகா. அவை பழைய கொடுமைகளே. சலிப்பான ஓரிடத்தில் ஒரு நாற்காலியில், எல்லோருடைய கவனிப்பிலிருந்தும் சில நிமிஷம் விலக்கி உட்கார வைப்பதே அது. ஐபர்க்கின் முறையில் மூன்று நிமிஷமும், அதன் இறுதியில் ஐந்து விநாடி அமைதியும் கணக்கு. அந்நேரத்தில் திட்டு, விளக்கம், சமாதானம் எதுவும் கூடாது. முடிந்ததும் குழந்தையை அழைத்துச் சென்று முதலில் சொன்ன அதே காரியத்தைச் செய்யச் சொல்ல வேண்டும். இதை விட்டுவிட்டால், நாற்காலியில் மூன்று நிமிஷம் உட்கார்ந்தால் பொம்மையை எடுத்து வைக்க வேண்டியதில்லை என்று குழந்தை கற்றுக்கொள்ளும். வரிசையை மாற்றலாகாது என்று நான் சொன்னதன் காரணம் இங்கேதான் புலப்படும். பெற்றோரின் கவனிப்பு குழந்தைக்கு இனிமையானதாக ஆகியிருந்தால்தான் அதிலிருந்து மூன்று நிமிஷம் விலகுவது ஓர் இழப்பாகத் தோன்றும்; திட்டும் அடியும் தவிர வேறொன்றும் காணாத வீட்டில், விலக்கி உட்கார வைப்பது அதற்கு ஒரு விடுதலை.

அடியைப் பற்றி என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடி அப்போதைக்கு நிறுத்துகிறது, உண்மைதான். அந்தத் தற்காலிகப் பலனே பெற்றோரை அதற்கு அடிமையாக்குகிறது. வலிமை உள்ளவன் அடிக்கலாம் என்பதை அடிவாங்கும் பிள்ளை கற்றுக்கொண்டு, தன்னிலும் சிறியவனிடம் பிரயோகிக்கிறது. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தனது 17-ஆம் பிரிவில், பள்ளியில் உடல்ரீதியான தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. ஆசிரியருக்கு விலக்கப்பட்ட ஒன்று பெற்றோருக்கு மட்டும் எவ்வாறு தகும்?

நட்சத்திரம் ஒட்டும் அட்டவணை பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நான்கு வயதுக்கு மேல் அது பயன்படும்; ஒரு சமயத்தில் ஓரிரண்டு பழக்கங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; பரிசு சிறியதாகவும் அன்றன்றே கிடைப்பதாகவும் இருக்கட்டும்; சம்பாதித்த நட்சத்திரத்தைக் கோபத்தில் பிடுங்காதீர்கள்.

தோழர் நடுவே

வீடு ஒருவாறு அமைதியானபின்பும் பள்ளியிலும் விளையாட்டு மைதானத்திலும் பிள்ளைக்கு ஒரு தோழன்கூட இல்லாதிருப்பது உண்டு. சமூகத் திறன் பயிற்சி என்று சொல்லப்படுவது இதற்காக ஏற்பட்டது. கென்னத் டாட்ஜ் என்ற ஆராய்ச்சியாளர் 1980-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல வெளிச்சம் தருகிறது. பிறர் செய்த காரியம் வேண்டுமென்று செய்ததா, தற்செயலா என்று தெளிவாகத் தெரியாத சந்தர்ப்பத்தில், முரட்டுப் பிள்ளைகள் அதை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளும் மனச்சாய்வு உடையவர்கள் என்று அவர் கண்டார். தண்ணீர்க் குழாயருகே வரிசையில் நிற்கையில் பின்னாலிருப்பவன் இடித்துவிட்டான் என்றால், மற்றப் பிள்ளை திரும்பிப் பார்க்கும். இந்தப் பிள்ளையின் கை முந்திக்கொள்ளும். அதன் உலகில் அது தற்காப்பே. ஆகவே, "அடிக்காதே" என்று உபதேசிப்பதற்கு முன், அவன் முகத்தைப் பார், அவனையும் யாரேனும் தள்ளினார்களா என்று பார், பிறகு முடிவு செய் என்று பார்க்கக் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

பிலடெல்பியாவில் மிர்னா ஷூரும் ஜார்ஜ் ஸ்பிவாக்கும் 1970-களில் ஏழைக் குழந்தைகளின் மழலைப் பள்ளிகளில் வேறொரு வழியைக் கண்டார்கள். ஊஞ்சலில் இன்னொருவன் ஆடிக்கொண்டிருக்கிறான், உனக்கும் ஆட வேண்டும், என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். தள்ளிவிடலாம் என்று குழந்தை சொன்னால் கடிந்துகொள்வதில்லை, "அதுவும் ஒன்று, வேறு என்ன செய்யலாம்? அப்படிச் செய்தால் அடுத்து என்ன ஆகும்?" என்று மேலும் கேட்பார்கள். நல்ல விடையை வாயில் ஊட்டுவதை விடப் பல விடைகளைத் தேடும் பழக்கத்தை ஊட்டுவதே அவர்கள் நோக்கம். இதை இரவுச் சாப்பாட்டின்போது எந்தத் தாய்தந்தையும் செய்யலாம்.

சியாட்டிலில் வெப்ஸ்டர்–ஸ்ட்ராட்டன், பெற்றோர் வகுப்பு நடக்கும்போதே பிள்ளைகளைச் சிறு சிறு குழுக்களாகச் சேர்த்து, ஆளுயரப் பொம்மலாட்டப் பொம்மைகளைக் கொண்டு கோபத்தை ஆற்றுவதையும், முறை மாற்றி விளையாடுவதையும், மன்னிப்புக் கேட்பதையும் நடித்துப் பழக்கினார். நான்கு முதல் எட்டு வயது வரையிலான 97 குழந்தைகளின் குடும்பங்களைக் கொண்டு அவரும் மேரி ஹாமண்டும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகளுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தபோது தோழரோடு பழகும் திறன் முன்னேறியது. பெற்றோருக்குக் கொடுத்தபோது வீட்டு நடத்தை முன்னேறியது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்த குடும்பங்களே ஓராண்டுக்குப் பின் மிகவும் நல்ல நிலையில் இருந்தன. பணமோ நேரமோ ஒன்றுக்குத்தான் உண்டு என்ற நிலை வந்தால், சிறு பிள்ளைகளின் விஷயத்தில் பெற்றோர் பயிற்சியையே நான் முதலில் தேர்வேன். வகுப்பறையில் கற்ற பணிவு அந்த அறையின் வாசலைத் தாண்டிப் பிள்ளையோடு வீடு வரை வருவதில்லை என்பது இத்துறையில் உழைப்போர் எல்லோரும் ஒப்புக்கொண்ட வருத்தம். கவனக்குறைவும் துறுதுறுப்பும் மிகுந்த பிள்ளைகளில் பலருக்கு முறை தெரியாமலில்லை. கேட்டால் அழகாகச் சொல்வார்கள். ஆட்டத்தின் நடுவே அது நினைவுக்கு வருவதில்லை. இதையறிந்தே வில்லியம் பெல்ஹாம் 1980 முதல் கோடைக்காலச் சிகிச்சை முகாம்களை நடத்தினார். அங்கே எட்டு வார காலம் மைதானத்திலேயே, பந்து உருண்டுகொண்டிருக்கும்போதே, நல்ல செய்கைக்குப் புள்ளி தரப்படும்.

பெற்றோர் செய்யத் தக்கது இதிலிருந்து தானே விளங்கும். பிள்ளையை ஒரேயடியாகக் கூட்டத்தில் தள்ளாமல், ஒத்த வயதுள்ள ஒரே ஒரு பிள்ளையை வீட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு அழையுங்கள். பிறர் தொட்டால் பொறுக்காத பொம்மைகளை முன்னதாகவே பீரோவில் வைத்துவிடுங்கள். அடுத்த அறையில் காதைக் கொடுத்துக்கொண்டிருங்கள். சண்டை மூண்ட பிறகு அன்று, மூளுவதற்கு முன்பே, தின்பண்டத்தோடு உள்ளே போங்கள். தெருவில் நடக்கும் கிரிக்கெட்டில் சேர வேண்டுமானால், நேரே நடுவில் போய் "நானும் வர்றேன்" என்று நிற்காமல், ஓரமாக நின்று பார்த்து, ஆட்டத்தின் விதியைத் தெரிந்துகொண்டு, ஓவர் முடியும் இடைவேளையில், ஆள் குறைந்த கட்சியிடம் கேட்கச் சொல்லிக் கொடுங்கள். மறுத்தால் முகம் சுளிக்காமல் விலகி வரவும் முன்கூட்டியே வீட்டில் நடித்துப் பழக்குங்கள்.

ஓர் எச்சரிக்கை மிகவும் முக்கியமானது. பாஸ்டன் நகரை அடுத்த கேம்பிரிட்ஜ், சாமர்வில் ஆகிய ஊர்களில் 1939-இல் தொடங்கி, 506 சிறுவர்களை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஆலோசகர், மருத்துவம், தனிப்பாடம், கோடை முகாம் என்று பல ஆண்டுகள் உதவி செய்தார்கள். முப்பதாண்டுகளுக்குப் பின் ஜோன் மெக்கார்டு என்ற அம்மையார் அவர்களைத் தேடிக் கண்டு விசாரித்தபோது, உதவி பெற்றவர்கள் பெறாதவர்களைக் காட்டிலும் சில வகைகளில் தாழ்ந்தே இருந்தார்கள். கோடை முகாமுக்கு ஒரு முறைக்கு மேல் அனுப்பப்பட்டவர்கள் நிலையே மிகவும் மோசம். ஆரிகனில் தாமஸ் டிஷியன் நடத்திய ஆய்விலும், கட்டுக்கடங்காத வளரிளம் பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டிப் பயிற்சி கொடுத்ததில் புகைப்பழக்கமும் விதிமீறலும் பெருகின. 1999-இல் இருவரும் பிரான்சுவா பூலானும் சேர்ந்து எழுதிய கட்டுரை இந்த விபரீதத்தை உலகுக்கு அறிவித்தது. காரணம் நுட்பமானது. ஒருவன் தன் அடாத செயலை வருணிக்கிறான், சுற்றியிருப்பவர் சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்புக்கு முன் ஆலோசகரின் பாராட்டு எம்மாத்திரம்? ஆகையால் பத்து வயதைக் கடந்த பிள்ளையை, அதே குறையுள்ளவர்களை மட்டும் சேர்த்த முகாமுக்கோ விடுதிக்கோ, "அங்கே திருத்திவிடுவார்கள்" என்ற நம்பிக்கையில் அனுப்பாதீர்கள். நற்பழக்கமுள்ள பிள்ளைகள் பெரும்பான்மையாக உள்ள ஒரு விளையாட்டுக் குழுவோ, சாரணர் படையோ, பாட்டு வகுப்போ அதைவிட எவ்வளவோ மேலானது.

எங்கே போவது, எதைக் கேட்டறிவது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உள்ள மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். எங்கே போவதென்று தெரியாதவர்கள் 'டெலி மனாஸ்' என்னும் அரசின் இலவசத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே கேட்டறியலாம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கவனக்குறைவுக் கோளாறு என்று சொன்னால், மருந்துக்கு முன் பெற்றோர் பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் என்பதை நினைவில் வைத்து, அதைப் பற்றி மருத்துவரிடம் தயங்காமல் பேசுங்கள். தாய் மனச்சோர்வில் ஆழ்ந்திருந்தாலோ, வீட்டில் குடியும் அடிதடியும் இருந்தாலோ அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதற்கு வழி செய்யாமல் பிள்ளைக்கு மட்டும் வழி தேடினால் பயிற்சி பாதியில் நின்றுபோகும்.

ஒரு பயிற்சி மெய்யானதா என்பதைச் சில கேள்விகளால் அறியலாம். எத்தனை வாரம் நடக்கும்? பிரிட்டனில் மருத்துவ வழிமுறைகளை வகுக்கும் 'நைஸ்' என்ற ஸ்தாபனம் 2013-இல், மூன்று முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு 10 முதல் 16 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் என்று அளவு கூறியது. ஒரு நாள் மேடைப் பேச்சைக் கேட்டுச் சான்றிதழ் வாங்கி வருவது பயிற்சி ஆகாது. அங்கே பெற்றோரைப் பேச வைத்து, நடித்துப் பழக வைத்து, வீட்டில் செய்ய வேண்டியதைக் கொடுத்து, அடுத்த வாரம் என்ன ஆயிற்று என்று விசாரிக்கிறார்களா? தந்தையையும் வரச் சொல்கிறார்களா? பள்ளி ஆசிரியரோடு பேசுகிறார்களா? பயிற்சி முடிந்த பின், புதுப் பள்ளி, புதுக் குழந்தையின் வரவு, வீடு மாற்றம் போன்ற சமயங்களில் பழைய அடம் தலைதூக்கினால் திரும்ப வர இடம் உண்டா? அவ்வாறு தலைதூக்கும்போது பெற்றோர் உடனே நாற்காலியைத் தேடுவது வழக்கம். அந்த ஐந்து நிமிஷ விளையாட்டு எந்த வாரத்தில் நின்று போயிற்று என்பதையே பயிற்சியாளர் முதலில் கேட்பார். அதை மீண்டும் தொடங்கி இரண்டொரு வாரம் பார்த்த பின்னரே மற்றதைப் பற்றிப் பேசுவார்.